தறியில ஒரு பாய்தான் இருக்கும்

போன ஆவணியில எங்க அத்தை மகளுக்குக் கல்யாணம். கல்யாணப் பாய்க்குச் சொல்லிவிட்டு வரலாம்னு நானும் அவளும் பத்தமடைக்குப் போனோம். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போற ரோட்டில், சேரன்மகாதேவிக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கிற ஊர். பொண்ணு மாப்பிள்ளை பேரையும் கல்யாணத் தேதியையும் பாயிலேயே வச்சு நெய்து கொடுப்பாங்க. எங்க பக்கத்துக் கல்யாணங்களில் அது ஒரு கௌரவம்.

கல்யாணத்துக்கு அப்போ நாற்பத்தஞ்சு நாள் இருந்தது. நாங்க போன வீட்டில் நெய்கிற அக்கா தேதியைக் கேட்டுட்டு விரலை மடக்கி எண்ணினாங்க.

"தறியில ஒரு பாய் கெடக்கும்மா. அது எறங்கணும்லா. அதுக்குப் பொறவுதான் உங்களுக்குப் பாவு போட முடியும்."

"அவங்க கல்யாணம் எப்பக்கா?" இது அத்தை மகள்.

"அவியளுக்கு ஐப்பசியில."

"அப்ப அதைக் கொஞ்சம் ஓரமா எடுத்து வச்சிட்டு எங்களுக்கு முதல்ல போட்டுத் தாங்களேன். நமக்குத்தானே அவசரம்."

அந்த அக்கா சிரிச்ச சிரிப்பு இருக்கே! "ஓரமா எடுத்து வைக்கதுக்கு அது என்ன தோசையா? பாவை அறுத்தாத்தான் தறி காலியாவும். அறுத்துட்டா அப்புறம் அது பாயா? வெறுங் கோரைல்லா!"

அத்தை மகளுக்கு முகம் சுருங்கிப் போச்சு. எனக்கு வேற இடத்தில் உறைச்சது. ஏன்னா என் தோள்பையில் அப்பவே ரெண்டு பின்னல் வேலை பாதியில் கிடந்தது. வீட்டில் இன்னும் மூணு.

கொஞ்சம் விளக்கம் சொல்லணும். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஹாஸ்டல் குளிருக்கு ஒரு தோழி சொல்லிக்கொடுத்து நிட்டிங் கத்துக்கிட்டேன். (திருநெல்வேலி வெயிலுக்கும் கம்பளிக்கும் என்ன சம்பந்தம்னு ஆச்சி இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கா.) கத்துக்கிட்டதில் பிரச்சினை இல்லை, முடிக்கிறதில்தான் பிரச்சினை. ஒரு மஃப்ளர், ஒரு சால்வை, ஒரு குரோஷா பை, ஒரே ஒரு சாக்ஸ், அப்புறம் ஒரு குழந்தை ஸ்வெட்டர். அந்தக் குழந்தை இப்போ எல்கேஜி படிக்குது.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்"னு ஆச்சி சொல்வா. எனக்கு ஆத்தில் ரெண்டு, சேத்தில் மூணு.

ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யணும்னு பின்னல்காரங்க எல்லாருமே ஒரு தடவையாவது சபதம் எடுப்பாங்க. அதை நாம ஒரு நல்லொழுக்கம் மாதிரி, ஏகாதசி விரதம் மாதிரி பேசுறோம். பத்தமடைக்காரங்களுக்கு அது விரதமே இல்லை, தறியோட அமைப்பே அப்படின்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. அதைப் பிடிச்சுக்கிட்டே கொஞ்சம் பழைய கதைகளைத் தோண்டினேன். நம்ம ஜில்லாவிலேயே இதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

முதலில் பாய். கோரை ஆத்தங்கரை ஈரத்தில் விளையிற புல். பச்சையா அறுத்து, கீறி, காயவச்சு, கட்டுக் கட்டாக ஓடுற தண்ணியில் ஊறப் போடுவாங்க. பல நாள் ஊறி உப்பினதும் எடுத்து மறுபடி வெயில். தேவையைப் பொறுத்து இன்னும் மெல்லிசாகக் கீறுவாங்க. தினசரி படுக்கிற பாய்க்குத் தடிச்ச கோரை போதும். பட்டுப் பாய்னு சொல்ற உசத்தி ரகத்துக்குக் கோரையே நூல் மாதிரி இருக்கணும். பாவுக்குப் பருத்தி நூலோ பட்டு நூலோ போடுவாங்க. தறி தரையோடு தரையா இருக்கும். ரெண்டு கழிக்கு நடுவில் பாவு இழைகளை விறைப்பா இழுத்துக் கட்டி, ஒவ்வொரு இழையையும் அச்சுக்குள்ள கோத்து, அதுக்கு அப்புறம்தான் முதல் கோரையையே உள்ள விட முடியும். ஒரு கோரை, ஒரு அடி. அடுத்த கோரை, அடுத்த அடி. சாதாரணப் பாய் சீக்கிரம் முடிஞ்சிடும். பட்டுப் பாய்னா வாரக்கணக்கு, ரொம்ப நுணுக்கமான வேலைன்னா மாசக்கணக்குகூட ஆகும்.

இதில் கவனிக்க வேண்டியது, முடியாத பாய் தறியைப் பிடிச்சு வச்சிருக்கு. நெய்கிறவங்க அதை விடலாம்னு நினைச்சாலும் அது அவங்களை விடாது.

நிட்டிங்கில் இப்படி இல்லை. ரெண்டு ஊசி, ஒரு நூல்கண்டு, அவ்வளவுதான் கருவி. அலுத்துப் போச்சுன்னா ஊசியை உருவிட்டு, திறந்து கிடக்கிற கண்ணிகளை ஒரு பழைய நூலில் கோத்து முடிச்சுப் போட்டுட்டு அதே ஊசியால் அடுத்ததை ஆரம்பிக்கலாம். கண்ணி எத்தனை வருஷம் வேணும்னாலும் காத்திருக்கும். குரோஷா இன்னும் மோசம், திறந்திருக்கிறது ஒரே ஒரு கண்ணிதான், அதில் ஒரு ஊக்கைக் குத்திட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். கருவி இவ்வளவு லேசா இருக்கிறதால்தான் என் பை இவ்வளவு கனமா இருக்கு.

சரி, பாய் நெசவு ஆச்சே, பின்னல் இல்லையேன்னு கேட்பீங்க. நியாயம்தான். பின்னலுக்கு நெருங்கின சொந்தக்காரரைப் பார்க்கணும்னா தாமிரபரணிக் கரையை விட்டுத் தெற்கே இறங்கணும். ராதாபுரம் பக்கம் செம்மண் தேரிக்காட்டில் இருக்கிற இடையன்குடிக்கு. அதுக்கும் முன்னாடி, அன்னைக்குத் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்த நாகர்கோவிலுக்கு.

1819ல் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட்னு ஒரு மிஷனரி தம்பதி லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் நாகர்கோவிலுக்கு வந்தாங்க. மார்த்தா பெண் பிள்ளைகளுக்காக விடுதியோட ஒரு பள்ளிக்கூடம் நடத்தினாங்க. படிப்போட சேர்த்து லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தாங்க. தென்கோடியில் லேஸ் பின்னல் வேர்விட்டது அங்கேதான். பின்னின லேஸை வாங்கினவங்க பெரும்பாலும் இங்கே இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள். அந்த வருமானத்தில் பள்ளிக்கூடச் செலவும் நடந்தது, பிள்ளைகள் கைக்கும் காசு வந்தது.

இந்த லேஸ் எப்படிப் பின்னுவாங்கன்னு தெரிஞ்சாத்தான் அடுத்தது புரியும். வைக்கோல் மாதிரி ஏதாவது அடைச்சு இறுக்கமான ஒரு திண்டு. அதுமேல டிசைனைப் புள்ளி புள்ளியாக் குத்தின ஒரு காகிதம். ஒவ்வொரு நூலோட நுனியிலும் ஒரு சின்ன மரக்கட்டை, அதுக்கு பாபின்னு பேர். ஜோடி ஜோடியா இந்தக் கட்டைகளைக் கையில் எடுத்து, ஒண்ணு மேல ஒண்ணு மாத்திப் போட்டு, முறுக்கி, புள்ளியில் குண்டூசி குத்தி நிறுத்தணும். அப்புறம் அடுத்த ஜோடி. சின்ன ஓரத்துக்கே இருபது முப்பது கட்டை தொங்கும், பெரிய டிசைன்னா நூறைத் தாண்டும். நடுவில் வேற வேலை ஆரம்பிக்கணும்னா அத்தனை ஊசியையும் பிடுங்கணும், அத்தனை கட்டையையும் கழட்டணும். நூல் சிக்கிக்கிட்டா அவ்வளவு நாள் பாடும் போச்சு. இன்னொரு திண்டும் இன்னொரு செட் கட்டையும் இருந்தா ரெண்டு வேலை வச்சுக்கலாம்தான். கூலிக்குப் பின்னுற பிள்ளைக்கு ரெண்டாவது திண்டு எங்கேருந்து வரும்?

ஆக, பத்தமடைத் தறி மாதிரியேதான் இந்தத் திண்டும். பாதி வேலை கருவியைப் பிடிச்சு வச்சிருக்கு.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். மார்த்தா மால்ட்டோட பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் சிலர் அடிமைகள். உவமைக்காகச் சொல்லலைங்க, நிஜமான அடிமைகள். அன்னைக்குத் திருவிதாங்கூரில் ஒரு மனுஷியை நிலத்தோட சேர்த்தோ சேர்க்காமலோ விக்கலாம், வாங்கலாம், அடமானம் வைக்கலாம். கம்பெனி ஆண்ட பகுதிகளில் 1843ல் அடிமை உரிமையைக் கோர்ட்டு அங்கீகரிக்காதுன்னு சட்டம் வந்தது. திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழிச்சு ராஜ உத்தரவு வந்தது 1855ல்தான். அதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு விடுதலை ஆகணும்னா ஒண்ணு எஜமான் மனசு வைக்கணும், இல்லைன்னா விலையைக் கொடுக்கணும். மார்த்தாவோட பிள்ளைகளில் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசில் தங்களோட விலையைத் தாங்களே கொடுத்து விடுதலை ஆனாங்க.

இதைப் படிச்சிட்டு அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரலை.

ஒரு பக்கம் வெள்ளைக்காரச் சீமாட்டியோட கழுத்துப்பட்டிக்கும் கைமடிப்புக்கும் போற லேஸ். அதே வட்டாரத்தில், அதே காலத்தில், தாழ்ந்த சாதின்னு ஒதுக்கப்பட்ட பெண்கள் தோளை மூடினா அடி. தோள்சீலைக் கலகம்னு பள்ளிக்கூடத்தில் ரெண்டு வரியில் படிச்சது ஞாபகம் இருக்கும். 1820களில் ஆரம்பிச்ச அந்தச் சண்டை 1859 வரைக்கும் விட்டு விட்டு நடந்தது. அந்த வருஷம் நாடார் பெண்கள் மேலாடை போடலாம்னு உத்தரவு வந்தப்பவும், மேல்சாதிப் பெண்கள் மாதிரி போடக்கூடாதுன்னு ஒரு நிபந்தனையை ஒட்டவச்சுத்தான் வந்தது. தன் தோளுக்குத் துணி போடச் சண்டை போட வேண்டிய ஊரில் இன்னொருத்தியோட தோளுக்குப் பூ பின்னினாங்க.

இப்போ அந்தத் திண்டு முன்னாடி உட்கார்ந்திருக்கிற ஒரு பொண்ணை நினைச்சுப் பாருங்க. அவளுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைங்கிறது என்ன? முடிஞ்ச லேஸை விக்கலாம். பாதி லேஸை யார் வாங்குவா? காசு முடிச்சதுக்குத்தான். விடுதலை அந்தக் காசில்தான். அலுத்துப் போச்சு, டிசைன் போரடிக்குது, கலர் பிடிக்கலைன்னு அவ ஒதுக்கி வச்சிருக்க முடியுமா?

தொழில்புத்தி விடலை, ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு துண்டு லேஸ் பின்ன ஒரு மாசம்னு வச்சுக்குவோம் (சும்மா ஒரு கணக்குக்கு). அஞ்சு துண்டு பின்னணும். ஒண்ணு முடிச்சு ஒண்ணு பின்னினா முதல் மாசக் கடைசியில் முதல் துண்டு கைக்கு வரும், ரெண்டாம் மாசம் ரெண்டாவது, அப்படியே அஞ்சாம் மாசம் அஞ்சாவது. அஞ்சையும் ஒரே சமயத்தில் ஆரம்பிச்சு நாளுக்கு ஒண்ணாக் கொஞ்சம் கொஞ்சமாப் பின்னினா? மொத்த உழைப்பு அதே அஞ்சு மாசம்தான். ஆனா நாலாம் மாசம் முடியுற வரைக்கும் கையில் ஒரு துண்டுகூட முழுசா இருக்காது. எல்லாம் அஞ்சாம் மாசக் கடைசியில் மொத்தமா வந்து விழும். நாலு மாசம் காசே வராது. சாப்பாட்டுக்கு யார் கொடுப்பா?

இந்தக் கணக்குக்கு 1961ல் ஜான் லிட்டில்னு ஒரு அமெரிக்கர் கணித நிரூபணம் கொடுத்தார். கையில் இருக்கிற வேலைகளோட எண்ணிக்கையை, வேலை முடியுற வேகத்தால் வகுத்தா ஒரு வேலை சராசரியா எவ்வளவு நேரம் இழுக்கும்னு தெரிஞ்சிடும். வேகம் மாறாம எண்ணிக்கையை ஏத்தினா ஒவ்வொண்ணும் இழுத்துக்கிட்டேதான் போகும். எங்க ஆபீஸ்களில் சுவரில் பலகை வச்சு, இத்தனை வேலைக்கு மேல ஒரே சமயத்தில் எடுக்கக்கூடாதுன்னு வரம்பு போடுற வழக்கம் இருக்கு, கான்பான்னு பேர். அது ஜப்பானில் டொயோட்டா கார் தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ உருவாக்கின முறையிலிருந்து வந்தது. அந்த டொயோட்டா கார் செய்றதுக்கு முன்னாடி என்ன செஞ்சிட்டு இருந்தாங்க தெரியுமா? தறி! சகிச்சி டொயோடா 1924ல் முடிச்ச தானியங்கித் தறியில் ஒரு இழை அறுந்தாலும் தறி தானா நின்னுடும். பழுதை வச்சுக்கிட்டு மேல மேல நெய்யக்கூடாதுங்கிறதுதான் யோசனை. 1929ல் இங்கிலாந்துக் கம்பெனியான பிளாட் பிரதர்ஸ் அந்தக் காப்புரிமையை விலைக்கு வாங்கினாங்க. கார் முயற்சிக்கு அந்தப் பணமும் உதவினது.

சுத்திச் சுத்தி தறிக்கே வந்தாச்சு பாருங்க :-)

மறுபடி நம்ம ஊருக்கு வருவோம். மால்ட் தம்பதியோட மகள் எலிசா. நாகர்கோவிலில் வளர்ந்தவங்க, தமிழ் நல்லாத் தெரியும். 1844ல் இவங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவர் ராபர்ட் கால்டுவெல். ஆமா, அவரேதான். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதின கால்டுவெல். சென்னை மெரினாவில் சிலையா நிக்கிறவர். 1841லேயே இடையன்குடிக்கு வந்து தங்கிட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் எலிசாவும் அந்தத் தேரிக்காட்டுக்கு வந்து பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. அம்மாகிட்ட இருந்து வந்த லேஸ் பின்னலையும் கொண்டுவந்தாங்க. பனையை நம்பியே பிழைச்ச ஊர் அது. மழை பொய்ச்சா கஞ்சிக்கே திண்டாட்டம். அங்கே பெண்களோட கைக்கு நேரடியா ஒரு கூலி வந்தது.

அதே வீட்டில் கணவர் என்ன செஞ்சிட்டு இருந்தார்னு பார்த்தா வேடிக்கையா இருக்கும். இடையன்குடியில் நிக்குதே பரிசுத்த திரித்துவ ஆலயம், அதை 1847ல் ஆரம்பிச்சார். நாடார்களைப் பத்தி 1849ல் ஒரு புத்தகம் போட்டார் (அதில் எழுதினதுக்குப் பின்னாடி பெரிய எதிர்ப்பும் வாங்கிக்கட்டிக்கிட்டார்). 1856ல் ஒப்பிலக்கணம் வந்தது. 1875ல் அதோட விரிவான ரெண்டாம் பதிப்பு. 1877ல் பிஷப் ஆனார், அது தாது வருஷப் பஞ்சம் கொன்னுக்கிட்டிருந்த நேரம். அப்புறம் 1881ல் திருநெல்வேலி வரலாறு. இதுக்கு நடுவில் அந்த ஆலயம்? 1880 ஜூலை 6ம் தேதிதான் பிரதிஷ்டை ஆச்சு. முழுசா 33 வருஷம்!

ஒரு நேரத்தில் ஒரு வேலைங்கிற விதிப்படி பார்த்தா கால்டுவெல் எனக்கு அண்ணன். கட்டடம் ஒரு பக்கம், இலக்கணம் ஒரு பக்கம், வரலாறு ஒரு பக்கம், சபை ஒரு பக்கம். எல்லாத்திலும் ஊசியைக் குத்தி வச்சுட்டு அடுத்ததுக்குப் போயிருக்கார். ஆனா எல்லாத்தையும் முடிச்சும் இருக்கார். ஒருவேளை மாத்தி மாத்திச் செஞ்சதால்தான் ஐம்பது வருஷம் அந்த வெயிலில் தாக்குப்பிடிச்சாரோ என்னவோ. அதனால பல வேலையை ஒண்ணா வச்சுக்கிறவங்க எல்லாம் உருப்படாதவங்கன்னு நான் சொல்ல மாட்டேன். (எனக்கு நானே எப்படிச் சொல்லிக்க முடியும்?)

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. கட்டடம் பத்து வருஷம் பாதியில் நின்னாலும் கால்டுவெல் வீட்டில் அடுப்பு எரியும். அவரோட சம்பளம் ஆலயத்தோட கோபுரத்தைப் பொறுத்து வரலை. அதே வளாகத்தில் திண்டு முன்னாடி உட்கார்ந்து பின்னின பொண்ணுக்கு அந்தத் துண்டு முடிஞ்சாத்தான் காசு. ஒரே ஊர், ஒரே வருஷங்கள், ரெண்டு விதமான "முடிக்காத வேலை".

நான் இதுவரைக்கும் முடிக்காம விடுறதை ஒரு குணக்கேடுன்னு நினைச்சிருந்தேன். சோம்பேறித்தனம், கவனச்சிதறல்னு வருத்தப்படுவேன். இப்போ தோணுறது வேற. பாதியில் விடுறது ஒரு வசதி. அது எல்லாருக்கும் கிடைக்கிறது இல்லை. எனக்கு மாசச் சம்பளம் வருது, அதனால என் சாக்ஸ் மூணு வருஷமா ஒத்தையா இருக்கலாம். பத்தமடை அக்காவோட தறியில் பாய் அப்படி இருக்க முடியாது.

இங்கிலாந்துக் கதை ஒண்ணு சொல்லிட்டு முடிச்சிடறேன், ஏன்னா இது இந்தக் கணக்கை இன்னொரு பக்கம் திருப்பிக் காட்டுது. ஜான் ஹீத்கோட்ங்கிறவர் 1809ல் லேஸ் வலை நெய்ற மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1816ல் ஆட்கள் புகுந்து அவரோட தொழிற்சாலை மிஷின்களை உடைச்சாங்க. அவர் அசரலை, டெவன்ஷயருக்கு மாறிப்போய் அங்கே ஆரம்பிச்சுட்டார். கையால் லேஸ் பின்னி வயிறு கழுவின பெண்களுக்கு வேலை குறைஞ்சுக்கிட்டே போச்சு. அவங்களுக்கு உதவுற மாதிரி இருக்கட்டும்னு 1840ல் நடந்த தன் கல்யாணத்துக்கான லேஸை விக்டோரியா ராணி டெவன்ஷயர்ப் பெண்களிடமே கொடுத்தாங்க. பீர்னு ஒரு கடலோரக் கிராமத்திலும் சுத்துப்பட்டிலும் இருநூறுக்கு மேல பெண்கள் மாசக்கணக்கில் பின்னினாங்க. அதை எப்படிச் செஞ்சாங்கங்கிறதுதான் விசேஷம். ஹோனிட்டன் லேஸ்னு சொல்ற அந்த வகையில் பூ தனி, இலை தனி, கொடி தனி. ஒருத்தி திண்டில் ஒரு பூ, அடுத்தவ திண்டில் ஒரு இலை. எல்லாம் முடிஞ்சதும் சேர்த்துத் தைப்பாங்க. உலகமே பார்த்த அவ்வளவு பெரிய வேலைக்குக்கூட ஒவ்வொருத்தி முன்னாடியும் இருந்தது ஒரே ஒரு சின்னத் துண்டு.

யோசிச்சா இதுவும் நம்ம விஷயம்தான். பெரிய வேலையா எடுத்து மூச்சு முட்டி அதை விட்டுட்டு இன்னொரு பெரிய வேலைக்கு ஓடுறதைவிட, பெரிசைத் துண்டாக்கி அதில் ஒரு துண்டை முழுசா முடிக்கிறது. நாகர்கோவிலில் மார்த்தாவோட பிள்ளைகள் லேஸ் பின்னினதும் இதே காலத்தில்தான். அங்கே ராணி கல்யாணத்துக்கு, இங்கே விடுதலைக்கு. கை அசைவு என்னவோ ஒண்ணுதான். மாத்திப் போடு, முறுக்கு, ஊசி குத்து.

பாய் கதையைச் சொல்லாம விட்டா திட்டுவீங்க. தறியில் இருந்த ஐப்பசிக் கல்யாணப் பாய் இறங்க பத்து நாள் ஆச்சு. அதுக்கு அப்புறம்தான் எங்களுக்குப் பாவு போட்டாங்க. அத்தை மகள் தினமும் போன் பண்ணி "ஆச்சாக்கா?"ன்னு நச்சரிச்சுட்டா. கல்யாணத்துக்கு மூணு நாள் இருக்கும்போது "வந்து எடுத்துக்கம்மா"ன்னு சொல்லிட்டாங்க. நான்தான் போனேன். சுருட்டிக் கட்டி வச்சிருந்ததைத் திண்ணையில் விரிச்சுக் காட்டினாங்க. ரெண்டு பேர் பெயரும் கீழே தேதியும். கையை வச்சுத் தடவினா கோரைங்கிறதே தெரியலை, துணி மாதிரி மடங்குது.

பணத்தை எண்ணிக் கொடுத்துட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். தறியில் அதுக்குள்ள வேற பாவு ஏறியிருந்தது.

"இது யாருக்குக்கா?"

"இது கடைக்கி. சாதாப் பாயி. ஒங்க பாயி எறங்கின மத்தா நாளே போட்டாச்சு. தறி சும்மா கெடந்தா நமக்கு என்ன லாபம்?"

அவ்வளவுதான். ஒண்ணு இறங்கணும், ஒண்ணு ஏறணும். அதில் தத்துவம் எல்லாம் அவங்களுக்கு இல்லை. தத்துவம் பேசுறது நம்ம மாதிரி பாதி சாக்ஸ்காரங்க வேலை.

பெங்களூர் திரும்பினதும் எல்லாத்தையும் கட்டில்மேல கொட்டினேன். எல்கேஜி குழந்தையோட ஸ்வெட்டரைப் பிரிச்சு நூலைத் திரும்பக் கண்டாச் சுத்திட்டேன். ரெண்டு வருஷ வேலை அரை மணி நேரத்தில் போச்சு, கொஞ்சம் வலிச்சது, பொய் சொல்லலை. குரோஷா பையை அது வேணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்த தோழிகிட்ட நூலோட கொடுத்து "நீயே முடிச்சுக்கோ"ன்னுட்டேன். மஃப்ளரை முடிச்சு மார்கழிக்கு ஆச்சிக்கு அனுப்பினேன். காலையில் கோலம் போடும்போது தலையில் சுத்திக்கிறாளாம். "நல்லா கதகதன்னு இருக்குட்டி, ஆனா ஒரு ஓரம் கோணையா இருக்கே"ன்னு சொன்னா. சால்வை தை மாசம் முடிஞ்சது.

இப்போ பையில் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அந்த ஒத்தை சாக்ஸோட ஜோடி. குதிகால் வரைக்கும் வந்தாச்சு.